பேனா ஏன் கக்குகிறது?

‘பேனா கக்கிடுச்சு’ என்று பள்ளிக்கூடத்தில் சொல்வோம். கசிந்தது, ஒழுகியது என்றெல்லாம் சொல்லாமல், குழந்தை பால் கக்குவதற்குச் சொல்லும் அதே சொல்லைப் பேனாவுக்கும் சொன்னார்கள். முதலில் சொன்னவர் காரணம் தெரிந்து சொன்னாரா என்பது வேறு விஷயம். சொல் அப்படியே பொருந்துகிறது. பால் குடித்த குழந்தை வயிற்றில் காற்று சேர்ந்தால் கக்கும். அதனால்தான் தோளில் போட்டுத் தட்டுகிறோம். பேனா கக்குவதும் உள்ளே சேர்ந்த காற்றால்தான்.

நான் தினமும் எழுதும் பேனா திருவள்ளூரில் ஒரு பட்டறையில் கையால் கடைந்தது. கறுப்பு எபோனைட், அதாவது இறுக்கிக் கெட்டியாக்கிய ரப்பர். மை அடைத்து வரும் கார்ட்ரிட்ஜ், உறிஞ்சு குழாய் எதுவும் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் மையை நேராக உடம்புக்குள் ஊற்றி, மறுபடி திருகி மூட வேண்டும். இந்த மாதிரிப் பேனாக்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பெரும்பாலும் அழகு, பழமை, கைவினை என்று போய்விடுகிறது. அதெல்லாம் உண்மைதான். ஆனால் பல வருடம் எழுதிய பிறகு எனக்குப் புரிந்தது வேறு. அந்தத் தடித்த சுவர், பருத்த உடம்பு, நீண்ட மரை, ஏன் அந்தப் பொருள்கூட, ஒரே கேள்விக்குச் சொன்ன பதில்கள்: கேட்கும்போது மட்டும் மை வருவதற்கு என்ன செய்வது?

பேனா என்ற சொல்லே போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. அவர்கள் மொழியில் இறகு என்று பொருள். இறகைத் தொட்டுத் தொட்டு எழுதிய காலத்திலேயே, மையைப் பேனாவுக்குள் வைத்துவிட்டால் என்ன என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது. ருமேனியாவைச் சேர்ந்த பெட்ராக்கே பொயெனாரு என்பவர் 1827-லேயே பிரான்சில் அப்படி ஒரு பேனாவுக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே மை வைப்பது பெரிய வித்தை இல்லை. அதை அளவாக வெளியே விடுவதுதான் கஷ்டம். அமெரிக்காவில் லூயிஸ் வாட்டர்மேன் 1884-இல் காப்புரிமை வாங்கியது இந்த வேலைக்குத்தான். நிப்பைத் தாங்குகிற கட்டையில் ஒரு வாய்க்கால், அந்த வாய்க்காலின் தரையில் அதைவிட மெல்லிய கீறல்கள். மை கீறல் வழியாக இறங்கும், காற்று வாய்க்கால் வழியாக ஏறும்.

இது ஒரு பண்டமாற்று. ஒரு சொட்டு மை வெளியே வர வேண்டுமானால் அதே அளவு காற்று உள்ளே போயாக வேண்டும். தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தால் குபுக் குபுக்கென்று விட்டுவிட்டு விழுகிறதே, அந்த இடைவெளியில் காற்று உள்ளே போகிறது. பேனாவில் இதே காரியம் கண்ணுக்குத் தெரியாத அளவில், சத்தமில்லாமல் நடக்கிறது. மையை இழுப்பது புவியீர்ப்பு என்று நினைத்தால் பாதிதான் சரி. பெரும்பகுதி, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற அதே இழுப்பு. குறுகலான இடத்தைக் கண்டால் திரவம் அதற்குள் தானாகப் புகும். நிப்பின் பிளவைக் கவனித்துப் பாருங்கள், நுனிக்குப் போகப் போகக் குறுகும். அதனால் மை எப்போதும் நுனியை நோக்கியே நகர்கிறது. அங்கே தாள் தொட்டதும், அதைவிடக் குறுகலான காகித நாருக்குள் போய்விடுகிறது.

சரி, கக்குவது எப்போது?

ஒரு நாள் ஏ.சி. அறையில் வெகுநேரம் இருந்துவிட்டு வெளியே வந்து, மர நிழலில் நின்றபடி ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரியில், ஊர்ப் பெயருக்கு மேல் பெரிய சொட்டு ஒன்று விழுந்தது. பேனாவில் எந்தக் கோளாறும் இல்லை. வீட்டுக்கு வந்து ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உள்ளே மை இருந்தது கால் பங்குதான். மீதி மூன்று மில்லி அளவுக்குக் காற்று. அறையில் 24 டிகிரியில் இருந்த காற்று, கை சூட்டிலும் வெளிச் சூட்டிலும் 34 டிகிரிக்குப் போயிருந்தால் முப்பதில் ஒரு பங்கு விரியும். மூன்று மில்லியில் முப்பதில் ஒரு பங்கு என்றால் 0.1 மில்லி. ஒரு சொட்டு சுமார் 0.05 மில்லி. ஆக இரண்டு சொட்டு மை வெளியே போயே தீர வேண்டும். காற்றுக்குப் போக வேறு வழி இல்லை, முன்னால் நிற்கும் மையைத் தள்ளிக்கொண்டுதான் போகும்.

இதே பேனா நிறைய மையோடு இருந்திருந்தால்? உள்ளே காற்று 0.3 மில்லிதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போது வெளியே தள்ளப்படுவது 0.01 மில்லி, ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு. அதைக் கட்டையே தாங்கிக்கொள்ளும். நிறைந்த பேனா கக்காது, குறைந்த பேனாதான் கக்கும். மை தீரும் நேரத்தில்தான் கவனமாக இருக்க வேண்டும் என்பது முதலில் எனக்கு விசித்திரமாக இருந்தது. பாதி இறங்கியதும் மறுபடி நிரப்பிவிட வேண்டும் என்பது இந்தப் பேனாக்களுக்கு அடிப்படை விதி. இதைப் பேனா வாங்கும்போதே சொல்லிவிட்டால், ‘நாட்டுப் பேனா ஒழுகும்’ என்று பெயர் கெட்டிருக்காது.

நவீன ஆலைப் பேனாக்களின் கட்டையில் சீப்புப் பல் மாதிரி நிறைய வெட்டுகள் இருக்கும். திடீரென்று தள்ளப்படும் மை அந்தப் பற்களுக்கு நடுவே தங்கி, பிறகு திரும்பிப் போகும். கையால் வெட்டும் கட்டையில் அத்தனை பல் வெட்டுவது கஷ்டம். அதனால் பட்டறைக்காரர்கள் பிரச்சினையை வேறு பக்கத்திலிருந்து பிடித்தார்கள்: கைச் சூடு உள்ளே போகவே கூடாது. உடம்புச் சுவரைத் தடிமனாக விட்டார்கள். என் பேனாவில் அது இரண்டு மில்லிமீட்டருக்குக் குறையாது. கையில் எடுத்தால் ‘இவ்வளவு பருமனா’ என்று கேட்பார்கள். அந்தப் பருமனில் பாதி காவல்.

இங்கே எபோனைட் பற்றிச் சொல்ல வேண்டும். நெடுஞ்சாலையில் டயர் கடை வாசலில் ‘வல்கனைசிங்’ என்று போர்டு எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரப்பர்ப் பாலிலிருந்து எடுத்த ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினால் அது பிசுபிசுப்பு நீங்கி உறுதியாகிறது. சார்ல்ஸ் குட்இயர் 1839-இல் கண்டுபிடித்து, 1844-இல் காப்புரிமை வாங்கியது இதைத்தான். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு மூன்று பங்கு கந்தகம் சேர்த்தால் டயர் மாதிரி இழுபடும் ரப்பர். அதையே முப்பது பங்கு அளவுக்குக் கூட்டி, மணிக்கணக்காக வேக வைத்தால் ரப்பரின் துவளும் குணமே போய்விடும். கல் மாதிரி இறுகி, கறுத்து, மெருகேற்றினால் பளபளக்கும். இதற்குக் காப்புரிமை வாங்கியவர் சார்ல்ஸின் தம்பி நெல்சன், 1851-இல். கருங்காலி மரத்தின் ஆங்கிலப் பெயரிலிருந்துதான் எபோனைட் என்ற பெயரே வந்தது. சீப்பு, கிளாரினெட்டின் வாய்ப்பகுதி, பழைய கார் பேட்டரிப் பெட்டி என்று எங்கெங்கோ இருந்த பொருள் இது. பிளாஸ்டிக் வந்ததும் பல இடங்களை விட்டுக்கொடுத்தது. கிளாரினெட்டிலும் பேனாவிலும் விடாமல் நின்றுவிட்டது.

எபோனைட் சூட்டை அடியோடு தடுத்துவிடும் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். அது மிகைதான். உலோகத்தோடு ஒப்பிட்டால் மிக மெதுவாகத்தான் சூட்டைக் கடத்தும். ஆனால் சாதாரண பிளாஸ்டிக்கும் கிட்டத்தட்ட அப்படித்தான். வித்தியாசம் தடிமனில்தான் இருக்கிறது. எபோனைட்டின் உண்மையான பெருமை வேறு. உளிக்கு அது அருமையாக வளைந்துகொடுக்கும். தெறிக்காது, பிளக்காது, வெட்டிய மரை கூர்மையாக நிற்கும். விரலில் வழுக்காது, வியர்த்த கையிலும் பிடி தரும். கோடையில் சென்னையில் மின்சாரம் போன பிற்பகலில் உலோகப் பேனாவையும் எபோனைட் பேனாவையும் மாற்றி மாற்றிப் பிடித்து எழுதிப் பாருங்கள், நான் சொல்வது தெரியும்.

நிப்பைத் தாங்கும் கட்டைக்கும் எபோனைட்தான் சிறந்தது என்பது என் எண்ணம். பிளாஸ்டிக் பரப்பில் மை முத்து முத்தாக நிற்கப் பார்க்கும். எபோனைட்டில் படர்ந்து ஓடும். வெட்டிய உளியின் நுண்ணிய தடங்களே மைக்குப் பாதையாகிவிடுகின்றன. இன்னொரு வசதியும் உண்டு. நிப்புக்கும் கட்டைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தாலும் மை விட்டுவிட்டு வரும். எபோனைட் கட்டையானால், கொதிக்கிற தண்ணீரில் சில நொடி முக்கி எடுத்து, நிப்போடு சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்தால், அந்த வளைவிலேயே இறுகிக்கொள்ளும். பிளாஸ்டிக் கட்டை அவ்வளவு சுலபமாக இடம்கொடுக்காது. ஆனால் பேனாவின் உடம்பை மட்டும் வெந்நீரில் போட்டுவிடாதீர்கள். மெருகு போய் மங்கிவிடும்.

பட்டறையில் இது உருவாவதைப் பார்க்க வேண்டும். ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதலான எபோனைட் தண்டு. அதைக் கடைசல் எந்திரத்தின் வாயில் கவ்வவைத்து, முதலில் உள்ளே துளை. பிறகு வெளிப்பக்கம். கடைசல்காரர் உளியைக் கையில் பிடித்து, தாங்கியின் மேல் ஊன்றி, சுழலும் தண்டில் மெதுவாகச் சாய்க்கிறார். நாடா நாடாவாகக் கறுப்புச் சுருள் கழன்று மடியில் விழுகிறது. கந்தக வாசம் கிளம்புகிறது, பஞ்சர் கடை வாசம்தான், கொஞ்சம் கூர்மையாக. உடம்பு எந்த இடத்தில் பருத்து எந்த இடத்தில் ஒடுங்க வேண்டும் என்பதற்கு அவருக்கு முன்னால் வரைபடம் இல்லை. அவ்வப்போது நிறுத்தி, அளவுகோலால் ஒருமுறை அளந்து, கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். நான் கவனித்த வரையில், கடைசி முடிவைக் கட்டைவிரல்தான் எடுக்கிறது.

அப்புறம் மரை. மைப்பேனாவில் இரண்டு இடத்தில் மரை உண்டு. மூடிக்கு ஒன்று, கழுத்துக்கு ஒன்று. மூடி மரை கொஞ்சம் தளர்ந்தாலும் பரவாயில்லை. கழுத்து மரை அப்படி இல்லை. உடம்பு முழுக்க மை நிற்கும்போது அந்த மரைதான் அணைக்கட்டு. அதனால் இந்தப் பேனாக்களில் கழுத்து மரை நீளமாக இருக்கும். மை வெளியே வர நினைத்தால் அத்தனை சுற்றையும் சுற்றி வர வேண்டும். நன்றாக வெட்டிய மரையில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவினால் போதும், ரப்பர் வளையம்கூடத் தேவையில்லை. வாஸ்லின் தடவுகிறவர்கள் இருக்கிறார்கள். வளையம் போட்ட பேனாவானால் வேண்டாம், பெட்ரோலியப் பொருள் நாளடைவில் ரப்பரைக் கெடுக்கும்.

கழுத்தில் இன்னும் ஒரு நுணுக்கம். நிப்புப் பக்க நுனியில் மெல்லிய உதடு மாதிரி விரித்து விடுவார்கள். விரல் வழுக்கி நிப்பின் மேல் போகாமல் அது தடுக்கும். கழுத்து எவ்வளவு பருமன், எவ்வளவு நீளம் என்பதை வாங்குகிறவர் விரலுக்கேற்ப மாற்றிக் கடைந்து கொடுப்பது இந்தப் பட்டறைகளில் சாதாரணம். விரல் மூட்டில் வலி உள்ளவர்களுக்குக் கொஞ்சம் பருத்த கழுத்து எவ்வளவு நிம்மதி தரும் என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். கடைசியில் உப்புத்தாள். சொரசொரப்பானதில் தொடங்கி மிக நுண்ணியது வரை, தண்ணீர் தொட்டுத் தொட்டுத் தேய்த்து, பிறகு துணிச் சக்கரத்தில் மெருகு. ஒரு பேனாவின் மூடி அதே மாதிரி இன்னொரு பேனாவுக்குச் சேராமல் போகலாம். இது குறை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கடையப்பட்டவை.

இப்படிக் கடைகிறவர்கள் தென்னிந்தியாவில் இன்னும் இருக்கிறார்கள். திருவள்ளூரில் ரங்கா. சென்னை பாரிமுனைப் பக்கத்து ஜெம் அண்ட் கோ விற்கும் காமா. ஐதராபாத்தில் 1928-இல் தொடங்கிய டெக்கன். கோதாவரிக் கரையில் ராஜமுந்திரியில் ரத்னமும் கைடரும்.

இதில் ரத்னத்தின் கதையைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கே.வி. ரத்னம் 1930களின் தொடக்கத்தில் பேனா செய்ய ஆரம்பித்தவர். காரணம் காந்தி. அயல்நாட்டுப் பொருளுக்கு மாற்றாக, சாதாரண மனிதருக்குப் பயன்படும் பொருள் ஏதாவது இங்கேயே செய்யச் சொன்னார் காந்தி. ரத்னம் பேனாவைத் தேர்ந்தெடுத்தார். உடம்பு கடைவதில் சிக்கல் இல்லை. சிக்கல் நிப்பில் இருந்தது. ஒரு பகுதி வெளியிலிருந்து வந்தாலும் அது முழுச் சுதேசி ஆகாது. நிப்பு உட்பட எல்லாவற்றையும் இங்கேயே செய்து முடித்த பிறகுதான் அந்தப் பேனா காந்தியின் கைக்குப் போனது. கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜே.சி. குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்த தமிழர், அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தை நடத்தியவர். 1935 ஜூலை 16-ஆம் தேதியிட்ட கடிதத்தில் காந்தி ரத்னத்துக்கு நன்றி சொல்லி, எழுதிப் பார்த்தேன், கடைத்தெருவில் கிடைக்கும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தெரிகிறது என்று எழுதினார். அளவான பாராட்டு. எழுதிப் பார்த்துவிட்டுச் சொன்ன பாராட்டு என்பதால் எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது.

அன்றைக்குச் சிக்கலாக இருந்த நிப்பு இன்றைக்கும் சிக்கல்தான். கையால் கடைந்த பேனாக்களில் பலவற்றுக்கு இப்போது ஜெர்மனியின் ஜோவோ, போக் நிப்புகள் வருகின்றன. வாங்குகிறவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள், பட்டறைக்காரர்களைக் குற்றம் சொல்ல முடியாது. இங்கேயே கான்பூரில் கான்ரைட் நிப்பு செய்கிறார்கள். அதையும் வாங்கிப் பொருத்தலாம். என் பேனாவில் இருப்பது இந்திய ஸ்டீல் நிப்பு. வந்தபோது கொஞ்சம் கீறியது. பட்டறையிலேயே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, பிளவின் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இல்லை என்று நகத்தால் மெல்ல ஒரு பக்கத்தைத் தூக்கிவிட்டார்கள். அவ்வளவுதான், கீறல் போய்விட்டது. நிப்பின் நுனியில் கண்ணுக்குத் தெரியும் தெரியாமல் ஒரு குமிழ் இருக்கும். ஸ்டீல் தேயாமல் இருக்க அந்தக் கடினமான கலவையை ஒட்டியிருப்பார்கள். இரிடியம் என்று பெயர் நின்றுவிட்டது, இப்போது பெரும்பாலும் அதில் இரிடியமே இருப்பதில்லை. அந்தக் குமிழை எந்த வடிவத்தில் தேய்த்திருக்கிறார்கள் என்பதில்தான் எழுத்தின் சுகம் இருக்கிறது.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இது கூடுதலாக முக்கியம். நிப்பைப் பற்றி எழுதப்படுவதெல்லாம் பெரும்பாலும் ஆங்கில எழுத்தை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகிறது. நம் எழுத்து வேறு மாதிரி நகர்கிறது. ண எழுதிப் பாருங்கள். கை எடுக்காமல் மூன்று சுழி சுழித்து, இறங்கி, ஏறி, மேலே கோடு இழுத்து, மறுபடி இறங்க வேண்டும். ஒரே எழுத்துக்குள் நிப்பு எல்லாத் திசையிலும் போகிறது. கீழ்நோக்கி வரும்போது வழவழவென்று இருந்து, இடப்பக்கம் திரும்பும்போது கீறுகிற நிப்பு நமக்கு உதவாது. பட்டை அடிக்கிற நிப்பானால் ண-வின் சுழி அடைபட்டு, ண எது ன எது என்றே தெரியாமல் போகும். சிறிய எழுத்துக்காரர்கள் மெல்லிய நிப்பு வாங்குவதுதான் நல்லது.

எனக்குப் பெரிதாகப் படுவது புள்ளி. ஒரு பக்கம் தமிழ் எழுதினால் எத்தனை முறை கையைத் தூக்கிப் புள்ளி வைக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள், திகைத்துப்போவீர்கள். பனை ஓலையில் எழுத்தாணியால் கீறிய காலத்தில் புள்ளி வைப்பதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். குத்தினால் ஓலை பொத்துக்கொள்ளும். படிக்கிறவர்தான் இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று புரிந்துகொள்ள வேண்டும். காகிதமும் அச்சும் வந்து புள்ளி நிலைத்தது. பால்பாயின்ட் பேனாவில் புள்ளி இன்னும் கஷ்டம்தான். அதன் நுனியில் இருப்பது உருளும் குண்டு. உருண்டால்தான் மை வரும். சும்மா தொட்டால் வராது. அதனால் புள்ளி வைக்கும்போதெல்லாம் நம்மை அறியாமல் ஒரு சின்ன வட்டமோ கீறலோ போடுகிறோம், அல்லது அழுத்துகிறோம். மைப்பேனாவில் அது வேண்டியதில்லை. நுனியில் மை எப்போதும் தயாராக நிற்கிறது, தாள் தொட்டாலே போதும். நான் மைப்பேனாவுக்குத் திரும்பியதற்குக் காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன். மூன்று பக்கம் எழுதிய பிறகு விரலில் வித்தியாசம் தெரிகிறது.

இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மை உடனே வர வேண்டும். சில நிப்புகளில் குமிழின் நடுப்பிளவு உள்பக்கம் வளைந்து, மை தாளுக்கு எட்டாமல் நிற்கும். கோடு இழுத்தால் வரும், தொட்டால் வராது. ஆங்கிலத்தில் கூட்டெழுத்து எழுதுகிறவருக்கு அது அவ்வளவாக உறுத்தாது. தமிழில் பாதிப் புள்ளி காணாமல் போகும். பேனா வாங்கும்போது எல்லோரும் கையெழுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். நான் ஒரு வரி முழுக்கப் புள்ளியாக வைத்துப் பார்ப்பேன்.

மை விஷயம் சுருக்கமாக: சாதாரண மைப்பேனா மைதான், அதாவது தண்ணீரில் கரைந்த சாயம். பிரில், கேமலின், கல்கத்தாவின் சுலேகா எல்லாமே நன்றாக ஓடுகின்றன. ஓவியர்கள் பயன்படுத்தும் அரக்குக் கலந்த கறுப்பு மையை மட்டும் ஊற்றிவிடக் கூடாது. அது காய்ந்தால் வாய்க்காலே அடைந்துவிடும்.

தாளைப் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேனா மேல் விழும் பழியில் பாதி தாளுக்குப் போக வேண்டியது. மை ஊறிப் பரவுகிறது, பின்பக்கம் தெரிகிறது என்றால் முதலில் தாளை மாற்றிப் பாருங்கள். மலிவான நோட்டுகளில் மையை உறிஞ்சாமல் தடுக்கும் பூச்சு போதுமான அளவு இருப்பதில்லை. கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் நிறுவனம் கரூர்ப் பக்கம் புகளூரில் இருக்கிறது, தமிழ்நாடு அரசின் டி.என்.பி.எல். ஜெராக்ஸ் கடையில் கிடைக்கும் அதன் தாளில் என் மை பரவாமல் கம்பி மாதிரி நிற்கிறது. விலை உயர்ந்த வெளிநாட்டு நோட்டுப் புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தப் பேனாவில் மை மூன்று நான்கு மில்லி பிடிக்கும். சாதாரணச் சின்னக் கார்ட்ரிட்ஜில் முக்கால் மில்லிதான். ஒருமுறை நிரப்பினால் எனக்கு இரண்டு வாரம் ஓடுகிறது. பயணத்தின்போது சட்டைப் பையில் நிப்பு மேலே பார்த்தபடி இருக்க வேண்டும். விமானத்தில் போனால் முழுதாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும், அல்லது காலியாக. காரணம் மேலே சொன்ன அதே காற்றுக் கணக்குதான், அங்கே சூட்டுக்குப் பதில் அறை அழுத்தம் குறைகிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் எபோனைட் பேனாவை விட்டுப் போகக் கூடாது, சூட்டில் வளைந்துவிடும். சன்னல் ஓர மேசையில் வெயில் படும்படி வைத்தால் வருடக்கணக்கில் கறுப்பு மங்கிப் பழுப்பாகும். பழைய பேனாக்கள் பல அப்படித்தான் நிறம் மாறியிருக்கின்றன. மெல்லிய உப்புத்தாளில் தேய்த்தால் உள்ளே கறுப்பு அப்படியே இருக்கும்.

பேனாவை இரவல் கொடுக்காதே, நிப்பு அடுத்தவர் கைக்குப் பழகிவிடும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஒரு கையெழுத்துக்குள் பழகிவிடாது. அந்தக் குமிழ் அவ்வளவு கடினமானது, தேய வருடங்கள் ஆகும். ஆனால் எச்சரிக்கை வீண் இல்லை. பால்பாயின்ட்டுக்குப் பழகிய கை அழுத்தி எழுதும். அந்த அழுத்தத்தில் பிளவு விரிந்துவிட்டால், அப்புறம் மை வெள்ளமாக வரும், அல்லது வரவே வராது. யாராவது கேட்டால் கொடுக்கிறேன், ‘அழுத்த வேண்டாம், தானா வரும்’ என்று சொல்லிக் கொடுக்கிறேன். பெரும்பாலானோர் முதல் சொல்லிலேயே புரிந்துகொண்டு சிரிக்கிறார்கள்.

மாதம் ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுவுகிறேன். கழுத்தைக் கழற்றிக் குழாய்த் தண்ணீரில் பிடித்தால் முதலில் கருநீலம், பிறகு வெளிர் நீலம், கடைசியில் வெறும் தண்ணீர். ஃபில்லரால் உள்ளிருந்து இரண்டு முறை தண்ணீரைப் பீய்ச்சி, பழைய பருத்தித் துணியில் நிப்பை ஒற்றி, நிழலில் உலர விடுகிறேன். மரையில் துளி கிரீஸ். கழுத்து மரை தொடங்கும் இடம்வரை மை. மூடித் திருகி, நிப்பு கீழே இருக்கும்படி ஐந்து நிமிடம் சாய்த்து வைத்தால் கட்டையில் மை ஊறிவிடும். பிறகு ஒரு துண்டுத் தாளை எடுத்து ‘கண்ணன் வந்தான்’ என்று எழுதுகிறேன். எட்டு எழுத்தில் நான்கு புள்ளி. நான்கும் விழுந்திருந்தால் மூடியைத் திருகிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.